கறுத்த நெஞ்சுக்கறி: பென்னாகரம் நாட்டுக்கோழிக்குக் கடைசி நாளில் என்ன நடக்கிறது?

சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில், காரிமங்கலத்துக்கு அருகே ஒரு நடுத்தர உணவகம். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிடவென்றே அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. கோழி பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருகிறது. புழக்கடையில் பத்தும் இருபதுமாக வளர்க்கும் பெண்கள், அவர்களிடம் வாங்கிச் சேர்க்கும் வியாபாரி, அவரிடம் வாங்கும் உணவகம் என்று மூன்று கை மாறுகிறது. மழைக்காலம், பனிக்காலம் வரை பெரிய குறை இல்லை. கோடை பிறந்ததும் புகார் மேல் புகார். உணவகம் பணத்தைப் பிடித்தது, வியாபாரி விலையைக் குறைத்தார், பெண்கள் கொதித்துப் போனார்கள். கோழி வளர்ப்போருக்கும் கறிக்கடைக்காரர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். இதே சிக்கல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் இருக்கிறது, ஆனால் எல்லாரும் வேறு எதையோ குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

புகார்கள் மூன்று. முதலாவது, நெஞ்சுக்கறி கறுத்துப்போய், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளே வாடை வந்துவிடுகிறது. இரண்டாவது, அதே கறி நன்றாக வெந்த பிறகும் நடுவில் இளஞ்சிவப்பாக நிற்கிறது. வாடிக்கையாளர் ‘வேகவே இல்லை’ என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறார். மூன்றாவது, சில நாட்களில் கறி சட்டியில் ஏகப்பட்ட நீர் விட்டு, பாதியாகச் சுருங்கி, ரப்பர் மாதிரி ஆகிறது.

உணவகக்காரருக்குச் சந்தேகமே இல்லை. “கலர் கோழியைக் கலந்து தர்றாங்க சார். இல்லன்னா ஊசி போட்ட கோழி” என்றார். பெண்கள் தரப்பில், “அவங்களுக்கு நாட்டுக்கோழி ஆக்கத் தெரியல” என்றார்கள். வியாபாரி வெயிலைக் காட்டினார்.

இனத்தைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் அந்தச் சந்தேகம் நியாயமானது. வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினங்கள் இந்தப் பக்கம் நன்றாகவே பரவியிருக்கின்றன. ஐதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இந்த இனங்கள் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. அவற்றை வளர்ப்பதில் தவறு ஏதுமில்லை. ஆனால் நாட்டுக்கோழி விலைக்கு விற்றால் அது ஏமாற்று. இங்கே வந்த கோழிகள் பெரும்பாலும் சிறுவிடை என்ற சின்ன உருவ நாட்டுக்கோழி. சேவல்களில் சிலவற்றில் பெருவிடை என்ற பெரிய உருவ நாட்டுக்கோழியின் ரத்தம் தெரிந்தது. அப்புறம் ஒரு விஷயம் இன்னும் தெளிவாக்கியது. வளர்த்த வீடுகளிலேயே, அதே அடையில் பொரித்த, அதே தீனி தின்ற கோழியை ஞாயிற்றுக்கிழமை அறுத்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கறியில் கறுப்பும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. கூடப்பிறந்த கோழி வீட்டுச் சட்டியில் ஒரு மாதிரி, நெடுஞ்சாலைச் சட்டியில் வேறு மாதிரி. அப்படியானால் இனமும் தீனியும் காரணமாக முடியாது. வீட்டுக்கும் சட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு நாளில்தான் ஏதோ நடக்கிறது.

அந்த ஒரு நாளைக் கோழியோடு சேர்ந்தே போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கு வியாபாரி வருவார் என்று தெரிந்தால், அதற்கு முன்பே கம்பும் மக்காச்சோளமும் வயிறு முட்டப் போடுகிறார்கள். விற்பது உயிர் எடைக்கு. தீனிப்பையில் உள்ள தானியத்துக்கும் கிலோ விலை கிடைக்கும். அப்புறம் பகல் வெளிச்சத்தில் துரத்திப் பிடிப்பது. நாட்டுக்கோழி பிராய்லர் மாதிரி உட்கார்ந்த இடத்தில் அகப்படாது. வேலி தாண்டும், கூரை ஏறும், மூச்சு இரைக்க ஓடும். பிடித்ததும் இரண்டு காலையும் கட்டித் தலைகீழாக வண்டி ஹேண்டிலில் தொங்கவிடுகிறார்கள். ஊர் ஊராகச் சேர்த்து, இருட்டிய பிறகு வியாபாரியின் கொட்டகையில் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடைக்கிறார்கள். தண்ணீர் இல்லை. வெவ்வேறு வீட்டுச் சேவல்கள் ஒரே கிரேட்டில். பெருவிடை ரத்தம் உள்ள சேவல் சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த சாதி. முன்பின் பார்க்காத இன்னொரு சேவலோடு ஒரு ராத்திரி அடைத்தால் என்ன செய்யும்? விடிய விடியக் கொத்திக்கொண்டன. கொண்டையும் கழுத்தும் ரத்தம். காலையில் வியாபாரிக்கு வேறு வேலை. சின்ன யானை வண்டி புறப்படவே பத்து மணி தாண்டிவிடும். தர்மபுரியில் இரண்டு இடம் நின்று, காரிமங்கலம் சேரும்போது உச்சி வெயில்.

வளர்த்தவருக்கு எடை போட்டுப் பணம் வாங்கியதோடு முடிந்தது. உணவகக்காரருக்குக் கோழி வந்து இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. நடுவில் உள்ள இந்த முழு நாளும் யார் பொறுப்பிலும் இல்லை. வியாபாரிக்குக் கோழி சாகாமல் சேர்ந்தால் போதும். இந்தப் பஞ்சாயத்தின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி, கறிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. உயிர் போனதும் ரத்த ஓட்டம் நின்று, ஆக்சிஜன் வருவது நின்றுவிடுகிறது. தசை அதன்பிறகும் சில மணி நேரம் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கிளைகோஜனை லாக்டிக் அமிலமாக மாற்றும். பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உயிரோடு இருக்கும்போது 7-ஐ ஒட்டி இருக்கும் அந்த அளவு, கோழியின் நெஞ்சுக்கறியில் மெல்ல மெல்ல 5.7–5.9 வரை இறங்கும். இந்த இலேசான புளிப்புதான் கறிக்குப் பாதுகாப்பு. நிறம் வெளுத்துத் தெளியும், பாக்டீரியா வேகமாகப் பெருகாது.

ஓடி, பயந்து, சண்டை போட்டு, வெயிலில் இரைத்துக் களைத்த கோழியில் கிளைகோஜன் உயிரோடு இருக்கும்போதே தீர்ந்துவிடுகிறது. அறுத்த பிறகு அமிலமாக மாற ஒன்றும் மிச்சமில்லை. பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். அப்போது தசைப் புரதம் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் கறியின் மேலே பட்டுச் சிதறாமல் உள்ளே போய்விடும், அதனால் கறுப்பாகத் தெரியும், தொட்டால் ஒட்டும். கறியைக் கெடுக்கும் பாக்டீரியாவுக்கு முதலில் தின்னச் சர்க்கரை இல்லாததால் நேராக அமினோ அமிலங்களில் கை வைக்கும். வாடை சீக்கிரமே வருவது அதனால்தான். மயோகுளோபின் என்ற சிவப்பு நிறமி, பி.எச். உயர்ந்த கறியில் சூட்டைத் தாங்கி நிற்கும். வெந்தும் வேகாத மாதிரி தெரியும். முதல் இரண்டு புகாரும் இதிலேயே அடங்கிவிட்டன. ஒரே குறை, இரண்டு முகம்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. பத்து கிராம் நெஞ்சுக்கறியை அதைப்போல் பத்து மடங்கு காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, நெருக்கமான அளவு காட்டும் பி.எச். தாளைத் தோய்த்தேன். துல்லியமான அளவு கிடைக்காதுதான், ஆனால் 5.8-க்கும் 6.4-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நெஞ்சை நெஞ்சோடுதான் ஒப்பிட வேண்டும். தொடைக்கறியின் பி.எச். இயல்பாகவே கூடுதல், நிறமும் அடர்த்தி. நடந்து திரிந்த நாட்டுக்கோழியின் தொடை கறுத்திருந்தால் அது குறை அல்ல. உணவகச் சமையற்காரர் தொடையைக் காட்டித்தான் முதலில் முறையிட்டார். அதை ஒதுக்கிவிட்டு நெஞ்சை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, கிரேட்டில் ராத்திரி சண்டை போட்ட சேவல்களில் எல்லாம் பி.எச். உயர்ந்தே நின்றது. பெட்டைகளில் அவ்வளவு இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். சேவல்கட்டில் தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள். கோச்சைக் கறிக்குத் தனி ருசி என்று நல்ல விலை கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் களைத்துச் செத்த கோழிதானே? ஆமாம். அதில் முரண்பாடு இல்லை. பி.எச். உயர்ந்த கறி தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், உடனே சமைத்துச் சாப்பிட்டால் சாறோடு மெத்தென்றுதான் இருக்கும். வைத்திருந்தால்தான் கேடு. கோச்சைக் கறியை யாரும் மறுநாளுக்கு வைப்பதில்லை. வேட்டை இறைச்சியிலும் இதே கதைதான். துரத்திக் களைத்துச் செத்த மானின் கறி கறுத்து, சீக்கிரம் கெடும் என்பதை வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பக்கம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. காட்டுக்கோழியோ காட்டுக் காடையோ எதைப் பிடித்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதைச் சொல்லிவிட்டுத்தான் எந்தப் பயிற்சியையும் தொடங்குவேன்.

சரி, மூன்றாவது புகாருக்கு வருவோம். இங்கேதான் எல்லாரும் தடுமாறினார்கள். வியாபாரி சொன்ன வெயிலை ஒப்புக்கொண்டு, எல்லாக் குறையையும் அதன் தலையில் கட்டிவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: களைத்த கோழியின் கறி தண்ணீரை இறுகப் பிடிக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். நீர்விட்டுச் சுருங்கும் கறி அதுவாக இருக்க முடியாது. இதற்குக் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும். சமையற்காரரிடம் ரப்பர் கறி எந்தெந்த நாளில் வந்தது என்று கேட்டேன். திங்கள், செவ்வாய். அதாவது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கென்று கூடுதலாக அறுத்து, மிஞ்சியதை ப்ரீசரில் போட்டு எடுத்த நாட்கள்.

ப்ரீசரில் போடுவதை நேரில் பார்த்தேன். அறுத்து, இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, துண்டு போட்டு, இன்னும் கைக்குச் சூடாக இருக்கும்போதே பாலித்தீன் பையில் பெரிய பொதியாகக் கட்டி உள்ளே தள்ளுகிறார்கள். கெடாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அதிலேயே இரண்டு கேடு. பொதியின் வெளிப்புறத் துண்டுகள் விறைப்பு வருவதற்கு முன்பே உறைந்துவிடுகின்றன. உயிர் போன பிறகு தசை ஒரு முறை விறைத்து, அப்புறம்தான் தளரும். கோழி நெஞ்சுக்கறிக்கு இதெல்லாம் ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் நடந்து முடியும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகிற அளவு நேரம் ஆகாது. விறைப்புக்கு முன்பே உறையவைத்தால் தசையில் சுருங்குவதற்கான சக்தி அப்படியே பூட்டப்பட்டிருக்கும். பனி உருகும்போது, ஐஸ் துகள்கள் கிழித்த சவ்வுகளிலிருந்து கால்சியம் மொத்தமாக வெளியே வந்து, தசை ஒரே இழுப்பில் சுருண்டுவிடும். அதோடு உள்ளே இருந்த நீரும் வெளியேறும். அந்தக் கறியை எவ்வளவு வேகவைத்தாலும் மெதுவாவதில்லை. இரண்டாவது கேடு, பொதியின் நடுப்பகுதி. அது மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும்; கிருமி பெருக அதைவிட நல்ல இடம் கிடையாது.

வாட்டி மஞ்சள் தடவுவதைப் பற்றி ஒரு சொல். சிலர் அதையும் விட்டுவிடச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். தோலோடு வாட்டிய கோழியின் மணம் தோலுரித்த கோழிக்கு வராது, இந்த ஊர்க் குழம்பின் அடையாளமே அதுதான். வாட்டி முடித்ததும் உடனே குளிர வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடினத்தன்மையில் இன்னொரு பங்கு வயதுக்கு உண்டு. வியாபாரியின் கிரேட்டில் ஐந்து மாதக் கோழியும் முட்டை விட்டு ஓய்ந்த கிழட்டுப் பெட்டையும் ஒன்றாகக் கிடந்தன. வயது ஏற ஏறத் தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, சூட்டுக்கு எளிதில் இளகாதவையாக மாறும். இரண்டையும் ஒரே குக்கரில் ஒரே விசிலுக்கு வைத்தால் ஒன்று குழையும், மற்றொன்று கடிபடாது. பிரித்தெடுப்பது சுலபம்: நெஞ்செலும்பின் பின்முனையை விரலால் அழுத்தினால் இளங்கோழியில் வளையும், முற்றியதில் வளையாது. சேவலில் குதிமுள்ளின் நீளமே சொல்லிவிடும். கிழட்டுக் கோழியை ரசத்துக்கும், மண்சட்டியில் நின்று கொதிக்கும் குழம்புக்கும் ஒதுக்கச் சொன்னேன். அதற்கு அதுதான் சிறப்பு.

பேசிப் பயனில்லை, செய்து காட்டினால்தான் நம்புவார்கள் என்பதால், ஒரே வீட்டில் ஒரே அடையில் பொரித்த சேவல்களை இரண்டாகப் பிரித்தோம். பாதி வழக்கமான வழியில் போனது. மற்றப் பாதியைப் பகலில் துரத்தவில்லை. இருட்டிய பிறகு, அடைந்து உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து சத்தமில்லாமல் உடம்போடு சேர்த்து எடுத்தோம். இருட்டில் கோழி அசையாது. இது எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம். ஒரு வீட்டுச் சேவல் ஒரு கிரேட்டில். தண்ணீர் வைத்தோம், தீனி வைக்கவில்லை. விடிவதற்கு முன் வண்டி புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் உணவகத்தில் இறங்கியது. இறங்கியதும் நிழலில் கொஞ்ச நேரம் இளைப்பாற விட்டுத்தான் அறுத்தார்கள்.

தீனி நிறுத்தும் நேரத்தில் அளவு முக்கியம். அறுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீனி இல்லாமல் இருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் தீனிப்பை நிறைந்திருக்கும். சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியெல்லாம் அசுத்தமாகும். மிகவும் கூடினால் குடல் இளகி, அதுவும் கிழியும், எடையும் வீணாகக் குறையும். கோழி இருட்டில் தின்னாது என்பதால், அந்தியில் அடைந்த கோழியை விடிந்ததும் அறுத்தால் இந்த நேரம் தானாகவே அமைந்துவிடுகிறது. பழைய வழியில் வந்த கோழியோ சாயங்காலம் நிறையத் தின்று, மறுநாள் உச்சி வரை பட்டினியும் தாகமுமாகக் கிடந்தது.

உணவகத்திலும் அதேபோல் இரண்டாகப் பிரித்தோம். பாதிக் கறி சூட்டோடு ப்ரீசருக்கு. மற்றப் பாதியைத் துண்டு போடாமல், சுத்தமான ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, பிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, விறைப்பு வந்து தளர்ந்த பிறகு துண்டு போட்டு, சின்னச் சின்னப் பைகளில் தட்டையாக ப்ரீசரில் அடுக்கினோம்.

அமைதியாக வந்த சேவல்களின் நெஞ்சுக்கறியில் பி.எச். 6-க்குக் கீழே இறங்கியது. வெளிறிய, தெளிந்த நிறம். வழக்கமான வழியில் வந்தவற்றில் பெரும்பாலானவை இறங்கவில்லை. ப்ரீசர் கறியில் வித்தியாசம் அளக்காமலே தெரிந்தது. சூட்டோடு உறைந்த பையில் பனி உருகியதும் சிவந்த நீர் தேங்கி நின்றது. சட்டியில் துண்டுகள் சுருண்டன. ஆறவைத்துப் போட்ட பையில் நீர் கொஞ்சம்தான். வியாபாரியும் உணவகக்காரரும் ஒரே மேசையில் இரண்டு குழம்பையும் ருசி பார்த்தார்கள். எது எது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. இருவரும் ஒரே கிண்ணத்தைத்தான் காலி செய்தார்கள்.

இது சின்னச் சோதனைதான். ஒரு வீட்டுக் கோழி, ஒரு கோடை. இதை வைத்து எல்லா நாட்டுக்கோழிக்கும் பொது விதி எழுத முடியாது. மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியிலேயே, ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை எனச் சந்தை சந்தையாகப் போய்க் கடைசி நாளின் பாதையை முறையாக அளந்தால் எவ்வளவோ பயன். கோழி ஆராய்ச்சி என்றாலே தீனி, எடை, முட்டை எண்ணிக்கை என்று போய்விடுகிறது. நாட்டுக்கோழியின் கடைசி நாளை அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உணவகக்காரர் இப்போது காடையும் வைக்கலாமா என்று கேட்கிறார். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடையைத் தாராளமாக வைக்கலாம். ஐந்து வாரத்தில் விற்பனைக்குத் தயாராகும். அதற்கும் இதே பாடம்தான், ஒன்று மட்டும் கூடுதல். காடை பயந்தால் நேராக மேலே எவ்வி மண்டையை உடைத்துக்கொள்ளும். கிரேட் உயரம் குறைவாக இருக்க வேண்டும்.

உணவகத்தில் மாற்றம் சுலபமாக வந்தது. ஐஸ் பெட்டி வாங்கினார்கள், பைகளைச் சின்னதாக்கினார்கள். திங்கள் புகார் நின்றது. வளர்ப்போர் பக்கம்தான் சிக்கல். இருட்டில் பிடி, தண்ணீர் கொடு, சேவலைப் பிரித்து அடை என்றால் எல்லாரும் சரி என்கிறார்கள். சாயங்காலம் வயிறு நிறையத் தீனி போட்டு எடை போடாதே என்றால் முகம் மாறுகிறது. அது நியாயமும்கூட. பட்டினி கிடக்கும் நேரத்தில் குறையும் எடை யார் கணக்கில் போகும்? சுத்தம் செய்த கறியின் எடைக்கு விலை பேசலாம் என்றேன். தீனிப்பை கணக்கில் வராது, தரமான கோழிக்கு நேரடியாகப் பணம் கிடைக்கும். ஒரு அம்மா உடனே கேட்டார், “அங்க வெட்டி என்ன எடை போடுவாங்கன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த எந்த அறிவியலும் பதில் இல்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். கோழி போகும் ஒவ்வொரு தடவையும் வளர்க்கும் பெண்களில் ஒருவர் முறை வைத்து வண்டியிலேயே போய், உணவகத் தராசில் எடை போடுவதைப் பார்த்து, பணத்தையும் கையோடு வாங்கி வருவது. பஸ் செலவை உணவகம் ஏற்றுக்கொண்டது. வியாபாரிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வண்டிக்கூலி மட்டும் பேசி முடித்தார்கள். கோழியோடு ஒருவர் கூடவே போவதால், வண்டி இப்போது தர்மபுரியில் எங்கேயும் நிற்பதில்லை.